ஆஷாவின் விடுப்புக் கடிதம்

மங்கலம் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுப்பவள் சுபஸ்ரீ. நல்ல டீச்சர்தான். நீங்கள் அவளைத் திட்டுவதற்கு முன்னால் இது தெரிந்திருக்கட்டும், கண்ணுகளா.

அவள் வகுப்பில் ஆஷா என்று ஒரு பிள்ளை. விருதுநகர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். அம்மா கருத்தம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஜூன் மாதம் வைத்த வாசிப்புச் சோதனையில் ஆஷாவுக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரிந்தது. எழுத்து, சொல், வாக்கியம் என்று படி பிரித்த பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே ஆகக் கீழ்ப்படியான 'எழுத்து' ஏறியது. அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டு நேரத்தில் சுபஸ்ரீ அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். ஜனவரிக்குள் பிள்ளை பத்தி பத்தியாக வாசித்தாள். ஆனால் டீச்சர் முன்னால் மட்டும். வேற்றாள் ஒருத்தர் வாசலில் நின்றால் போதும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அந்த நேரம் பார்த்து மாவட்டத்திலிருந்து ஆய்வு வருவதாகத் தகவல் வந்தது. தலைமையாசிரியர் செங்கோட்டையன் ஆசிரியர்களைக் கூப்பிட்டு, "போன தடவை மாதிரி மானத்தை வாங்கிப்போடாதீங்க. மெதுவாப் படிக்கறதுகளை என்ன பண்றதுன்னு நீங்களே பாத்துக்குங்க" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் சொல்வதில் அவர் கெட்டிக்காரர்.

சாயங்காலம் சுபஸ்ரீ கருத்தம்மாவுக்குப் போன் போட்டாள்.

"ஏனுங்க, நாளைக்கு ஒருநாள் ஆஷாவை ஊட்டுலயே வெச்சுக்குங்களே. பெரிய ஆபீசர் வர்றாங்க, அதான்..."

"அம்புட்டுத்தானே டீச்சர்? இதுக்கா இப்படி இழுக்கீக? எங்க கம்பெனியிலயும் வெளிநாட்டுக்காரன் ஆடிட்டுக்கு வந்தா, வேல பழகாத ஆளுகள வராதீகன்னுருவாக. நானே ரெண்டு தடவ வீட்ல இருந்திருக்கேன்."

சண்டைக்கு வருவாள் என்று பயந்திருந்த சுபஸ்ரீக்கு, கருத்தம்மா கோபித்துக்கொள்ளாததுதான் நெஞ்சில் குத்தியது. குத்தினால் குத்தட்டும் என்று போனை வைத்தாள்.

மறுநாள் காலை, ஆஷாவின் தோழி பிரியங்கா மடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். "ஆஷாவோட லீவ் லெட்டருங்க டீச்சர். லெட்டர் குடுக்காம லீவு போடக்கூடாதுன்னு அவங்கம்மா அவளையே எழுத வெச்சாங்களாம். கம்பெனியில அப்படித்தானாமா."

சுபஸ்ரீ பிரித்துப் பார்த்தாள்.

'மதிப்பிற்குரிய டீச்சர் அவர்களுக்கு, இன்று ஆபீசர் வருகிறார்கள். நான் சரியாக வாசிக்க மாட்டேன் என்பதால் டீச்சர் என்னை வர வேண்டாம் என்று சொன்னார்கள். நான் இல்லாவிட்டால் நம் வகுப்புக்கு நல்ல பெயர் கிடைக்கும். அதனால் ஒருநாள் விடுப்பு தரவும். இப்படிக்கு, ஆஷா.'

அவசரமாக மடித்துக் கைப்பைக்குள் திணித்தாள்.

பத்தரை மணிக்கு ஆய்வு அலுவலர் சித்ராதேவி வந்தார். முன் பெஞ்சில் உட்கார வைத்திருந்த கெட்டிக்காரப் பிள்ளைகளை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பதிவேட்டை விரித்து, ஜூனில் ஆகக் கீழே இருந்த பெயரில் விரலை வைத்தார்.

"ஆஷா யாரு? இந்தப் பொண்ணு எவ்வளவு ஏறியிருக்கான்னுதான் பார்க்கணும்."

"இன்னைக்கு வரலீங்க மேடம். காய்ச்சல்."

பிரியங்கா தலைகுனிந்துகொண்டாள்.

"அப்ப 'எழுத்து'ன்னே இருக்கட்டும். முன்னேற்றம் இல்லைன்னு போட்டுக்கறேன்." பேனாவைத் திறந்தார்.

விளையாடப் போகாமல் அந்தப் பிள்ளை உட்கார்ந்து படித்த அத்தனை மாதமும் ஒரு வரியில் இல்லாமல் போகப்போகிறது. கடிதத்தைக் காட்டினால் பிள்ளை பிழைப்பாள், தான் மாட்டிக்கொள்வாள். சுபஸ்ரீயின் கை பைக்குள் போனது, வெறுமனே வெளியே வந்தது, மறுபடி போனது.

"இது அவ எழுதுனதுங்க மேடம்."

சித்ராதேவி வாசித்தார். ரெண்டாம் தரமும் வாசித்தார். திட்டவில்லை. 'எழுத்து' என்றிருந்ததற்குப் பக்கத்தில் 'வாக்கியம்' என்று எழுதினார். தாளைத் திருப்பி நீட்டும்போது, "காய்ச்சல்னு சொன்னீங்க" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். வகுப்பில் அத்தனை பேர் காதிலும் விழுந்தது.

மறுநாள் ஆஷா நேரே டீச்சர் மேசைக்கு வந்தாள்.

"நம்ம கிளாசுக்கு நல்ல பேரு கெடச்சுச்சா டீச்சர்?"

சுபஸ்ரீக்கு அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. "உனக்குக் கிடைச்சுது கண்ணு. எனக்குத்தான் இல்லை."

"நான் வரவே இல்லையே."

"இனி யாரு வந்தாலும் நீ வரணும். வர வேண்டாம்னு சொன்னது என் தப்பு." மற்ற பிள்ளைகளும் கேட்கட்டும் என்று சத்தமாகத்தான் சொன்னாள். தலை மட்டும் நிமிரவில்லை.

ஆஷா டீச்சருக்குப் பரிந்து, "நானும் புது ஆளுக முன்னாடி திக்கத்தான செய்வேன் டீச்சர்" என்றாள்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள் சுபஸ்ரீ.