ஒன்பது மஞ்சள் தலைகள்

ஜனவரி 21, செவ்வாய்.
இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். வண்டி கிளம்பும் முன் தலைகளை எண்ணினேன். முகங்களைப் பார்க்கவில்லை.

இவ்வளவு எழுதிவிட்டு வெர்னிஸ் பேனாவை நிறுத்தினாள். பிறகு 'சின்ன' என்ற சொல்லை ஒரு கோட்டால் அடித்தாள். வழிகாட்டிகளுக்கான மாலை வகுப்பில் ஆசிரியர் பழக்கிவிட்ட முறை இது: தேதி போடு, அன்றைய தவறு ஒன்றை எழுது, மறுநாள் வேலையை எழுது, படு. இதுவரை அவள் எழுதிய தவறுகள் எல்லாம் செடியின் பெயரை மாற்றிச் சொன்னது, கூட்டத்தை விட்டு வேகமாக நடந்தது என்ற வகையில்தான் இருந்தன. அவற்றையே நினைத்து நினைத்துத் தூக்கம் கெட்டவள் அவள். இன்றையதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

காலையில் எல்லாம் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தது. தீவின் தலைநகர் ரோஸோவின் துறையில் சுற்றுலாக் கப்பல் வந்து நின்றதும் கடற்கரைத் தெரு முழுக்க அதன் நிழலுக்குள் போய்விட்டது. டாலிவர் குடும்பம் இறங்கி வந்தது. ஜார்ஜியாவிலிருந்து சித்தப்பா, பெரியப்பா, அத்தை பிள்ளைகள் என்று எல்லோரும் சேர்ந்து வந்திருந்தார்கள். வழக்கமாக யாராவது ஒருவர் வீட்டுத் தோட்டத்தில் கூடுகிறவர்கள், இந்த வருடம் கப்பலில் கூடியிருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே மஞ்சள் சட்டை, முதுகில் குடும்பப் பெயர். கப்பல்காரர்களின் சுற்றுலாவை வேண்டாம் என்று சொல்லி, வெர்னிஸின் மாமா அன்செல்மின் வேனையும் அவர் தம்பி ஹியூபர்ட்டின் வேனையும் பேசி வைத்தது குடும்பத்தில் மூத்தவளான ஒடெஸ்ஸா அத்தை.

"கப்பல்காரன் நம்மள ஆட்டு மந்தை மாதிரி ஓட்டிட்டுப் போவான். எனக்கு மனுஷன் ஓட்டற வண்டி வேணும்" என்றாள் ஒடெஸ்ஸா.

"மனுஷன்தாம்மா ஓட்டறேன். ஆனா வண்டிக்கும் எனக்கும் ஒரே வயசு" என்றார் அன்செல்ம்.

"அப்ப ரெண்டும் ஏத்தத்துல இருமுமே!"

வேன் சிரித்தது. வெர்னிஸ் மட்டும் சிரிக்காமல் தன் பாடத்தைச் சொன்னாள். "கப்பல் நடத்தற சுற்றுலான்னா, லேட்டானா கப்பல் காத்திருக்கும். வெளி வேனுக்குக் காத்திருக்காது. அதனால நான் ஏறுங்கன்னா உடனே ஏறிடுங்க."

"டீச்சர் மாதிரியே பேசறா பாரு" என்றாள் ரெனிட்டா. அவள் ஒடெஸ்ஸாவின் தம்பி மகள், நர்ஸ். கணவனுக்கு லீவு கிடைக்காததால் மகள் ஜோராவை மட்டும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஜோராவுக்கு எட்டு வயது. பச்சை ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு, அம்மா ஏறிய ஹியூபர்ட்டின் வேனுக்கும் அத்தைப் பாட்டி ஏறிய அன்செல்மின் வேனுக்கும் நடுவில் ஓடிக்கொண்டே இருந்தாள். எந்த வேனில் தின்பண்டம் இருக்கிறதோ அந்த வேன் அவளுடையது.

வேன்கள் அவர்களை மலைமேல் அருவிக்குக் கொண்டுபோயின. அங்கே மதியம் வரை வெயில் அடித்தது. பிறகு மலைக்குப் பின்னாலிருந்து மழை வந்தது. தூறல் எல்லாம் இல்லை, நேராகக் கொட்டியது. வெர்னிஸ் மஞ்சள் பிளாஸ்டிக் மழைக்கோட்டுகளை எடுத்து ஆளுக்கொன்றாக நீட்டினாள். மாட்டியவர்கள் தலையை மூடிக்கொண்டு வேன்களை நோக்கி ஓடினார்கள். "நான் பாட்டிகூட வரேன்!" என்று ஜோரா கத்தியது ரெனிட்டாவின் காதில் விழுந்தது. சரி என்று கையை ஆட்டிவிட்டு அவள் முதல் வேனில் ஏறினாள். ஹியூபர்ட் கிளம்பிவிட்டார்.

ஜோரா கத்தியது ஒடெஸ்ஸாவுக்குக் கேட்கவில்லை. குழந்தை அம்மாவுடன் போயிருப்பாள் என்று அவள் இருந்துவிட்டாள். ஜோராவோ பாதி வழியில் ஒரு செருப்பு காலில் இல்லை என்று பார்த்து, அதை எடுக்க யார் கண்ணிலும் படாமல் வேலியோரமாகத் திரும்பி ஓடியிருந்தாள்.

பாதையில் கடைசி ஆளையும் விரட்டிக்கொண்டு வெர்னிஸ் வந்தபோது, வேனுக்குள் இன்னொரு காரியம் நடந்து முடிந்திருந்தது. வண்டி நிறுத்துமிடத்தில் பழக்கடை வைத்திருக்கும் யூலாலியின் மகள் டெலியா, பள்ளி முடிந்து அம்மாவைப் பார்க்க வந்தவள், கீழே ஊருக்குப் போக நின்றுகொண்டிருந்தாள். அன்செல்ம் கதவைத் திறந்தார். அவ்வளவுதான். மழையில் நிற்கிறவரைத் தாண்டி வண்டி ஓட்டுகிற பழக்கம் அந்த மலைப்பாதையில் யாருக்கும் கிடையாது. அவள் கேட்கவும் இல்லை, அவர் கூப்பிடவும் இல்லை. ஏறி, எல்லோருக்கும் வணக்கம் சொல்லி, பின் சீட்டில் உட்கார்ந்தாள். நனைந்து நடுங்குகிறதே பிள்ளை என்று ஒடெஸ்ஸா மிச்சமிருந்த ஒரு மழைக்கோட்டை அவள் தலைவழியாக மாட்டிவிட்டாள்.

வெர்னிஸ் கதவருகே நின்று விரலை நீட்டி எண்ணினாள். ஒன்பது மஞ்சள் தலைகள். காலையில் ஜோராவையும் சேர்த்து இந்த வேனில் வந்தது ஒன்பது பேர். முறைப்படி இரண்டாவது முறையும் எண்ணினாள். ஒன்பதுதான்.

"போலாம் மாமா."

ஊர் முனையில் பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "மாமா, இங்கயே நிறுத்துங்க." சின்ன உருவம் ஒன்று எழுந்து வந்து, மழைக்கோட்டைக் கழற்றி, ஒழுங்காக மடித்து வெர்னிஸிடம் நீட்டியது. உள்ளே நீலப் பள்ளிச் சீருடை.

வெர்னிஸ் அதை வாங்கிக்கொண்டாள். டெலியா இறங்கி ஓடினாள். மடித்த பிளாஸ்டிக்கிலிருந்து தண்ணீர் வெர்னிஸின் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு இறங்கியது. அவள் திரும்பி எண்ணினாள். எட்டு.

"ஜோரா எங்க?" என்று கேட்டாள். குரல் அவளுடையது போலவே இல்லை.

"அவ அம்மாகூட" என்றாள் ஒடெஸ்ஸா. சொன்னவள் வெர்னிஸின் முகத்தைப் பார்த்தாள். "அவ அம்மாகூடத்தானே?"

ஹியூபர்ட்டின் போன் மணியடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுத்ததும் வெர்னிஸ் கேட்டாள். ஹியூபர்ட் போனை ரெனிட்டாவிடம் கொடுத்தார். பிறகு ரெனிட்டாவின் குரல், மிக அமைதியாக: "அவ உங்க வண்டில இருக்கா. என்கிட்ட சொல்லிட்டுத்தான் ஏறினா." வெர்னிஸ் சீட்டுகளை இன்னொரு முறை பார்த்தாள். "இருக்காளா இல்லயா? வாயத் திறந்து சொல்லுடி!"

"இல்ல" என்றாள் வெர்னிஸ்.

அன்செல்ம் வண்டியைத் திருப்பத் தொடங்கினார். முன் சீட்டிலிருந்த ஒரு பையன், ஒடெஸ்ஸாவின் மருமகன், "அத்தை, கப்பல்..." என்று இழுத்தான்.

"கப்பல் இங்கருந்தே தெரியுது, எறங்கி நட. யாருக்கு அந்த இரும்புப் பொட்டி முக்கியமோ எல்லாரும் எறங்குங்க." என்றாள் ஒடெஸ்ஸா. அந்த வழியாக வந்த காய்கறி லாரியில் ஏழு பேர் ஏறிக்கொண்டார்கள். ஒடெஸ்ஸா அசையவில்லை.

மேலே பாதி தூரத்தில் சாலை இல்லை. மண்ணும் வாழையும் ஒரு மரமும் சேர்ந்து சரிந்து கிடந்தன. அன்செல்ம் பிரேக்கை மிதிப்பதற்குள் வெர்னிஸ் குதித்துவிட்டாள். "நில்லுடி, மேல இருந்து இன்னும் விழும்!" என்று மாமா கத்தினார். அவள் சேற்றில் முழங்கால் வரை புதைந்து, மரத்தைப் பிடித்து ஏறி, அந்தப் பக்கம் விழுந்து எழுந்து ஓடினாள்.

ஓடும்போதும் அவள் மனம் கணக்குப் போட்டது. ரெண்டு தடவை எண்ணினேனே. முறைப்படி எண்ணினேனே. டெலியாவை ஏற்றியது தப்பா? அவளே பள்ளிக்காலம் முழுக்க இப்படி யாரோ ஒருவர் வண்டியில் வீட்டுக்குப் போனவள்தான். வேனில் வெளியாள் ஏறக்கூடாது என்று வகுப்பில் ஒரு நாளும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று ஆசிரியருக்கும் தோன்றியிருக்காது.

நிறுத்துமிடம் காலியாகக் கிடந்தது. யூலாலியின் கடை மேல் தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருந்தது. "ஜோரா!" என்று கூப்பிட்டாள். அருவியின் இரைச்சல் அந்தப் பெயரை அவள் வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போனது. உடை மாற்றும் அறை, கழிப்பறை, வேலியின் பின்புறம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு பார்க்கப் பயந்த இடத்துக்குப் போனாள். காலையில் பிள்ளைகள் குளித்த குளத்தைக் காணோம். அதன் இடத்தில் பழுப்பு நிறத் தண்ணீர் பாறைகளை உருட்டிக்கொண்டு ஓடியது. இறங்கும் படிகளில் பாதி தண்ணீருக்குள். தெரிந்த கடைசிப் படியில், கைப்பிடிக் கம்பிக்கும் கல்லுக்கும் நடுவில், பச்சை ரப்பர் செருப்பு ஒன்று சிக்கியிருந்தது.

அதைக் கையில் எடுத்தாள். அவள் விரித்த கையைவிடக் கொஞ்சம்தான் பெரிது.

கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் ஒரு படி இறங்கினாள். தண்ணீர் காலை இழுத்தது. இன்னொரு படி. எதற்கு இறங்குகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. கீழே, வெகு தூரத்தில், கப்பலின் சங்கு ஊதியது.

"வெர்னிஸ்!"

ரெனிட்டா நின்றிருந்தாள். ஹியூபர்ட் அவளைத் திரும்பக் கொண்டுவந்திருக்க வேண்டும். உடம்பு முழுக்கச் சேறு, காலில் ஒன்றுமில்லை. அவள் கண் வெர்னிஸின் முகத்துக்கு வரவே இல்லை, நேராகக் கைக்குப் போனது.

வெர்னிஸ் மேலே ஏறி வந்து செருப்பை நீட்டினாள். நீட்டாமல் வேறு என்ன செய்ய முடியும்?

ரெனிட்டா அதை வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள். உள்பக்கம் மையால் அவளே எழுதிய பெயர் இருந்தது. அவளிடமிருந்து அழுகை வரவில்லை. மூச்சுதான் வந்தது, மேலும் மேலும் வேகமாக. பிறகு படிகளைப் பார்த்து நடந்தாள். வெர்னிஸ் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப் பிடித்தாள்.

"விடு."

"வேணாம் மேடம்."

"என் பொண்ணு உள்ள இருக்கா, விடுடி! நீ எண்ணுவியே, எண்ணு! இப்ப எண்ணு!" ரெனிட்டாவின் முழங்கை வெர்னிஸின் வாயில் இடித்தது. ரத்தம் உப்புக் கரித்தது. அவள் விடவில்லை. இரண்டு பேரும் படியிலேயே சரிந்து உட்கார்ந்தார்கள். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தார்கள் என்று வெர்னிஸுக்குத் தெரியாது. பிடியைத் தளர்த்தினால் இன்னொருவரும் போய்விடுவார் என்பது மட்டும் தெரிந்தது.

முதலில் ஒரு நீலச் சட்டை தெரிந்தது. டெலியா மேட்டுப் பாதையிலிருந்து வழுக்கிக்கொண்டே இறங்கி வந்தாள். மழை பெய்தால் கடைக்காரர்கள் ஊருக்கு நடக்கும் குறுக்குவழி அது.

"அக்கா! மஞ்சச் சட்டை போட்ட பொண்ணு எங்க வீட்ல இருக்கா! அம்மா கூட்டிட்டு வந்துட்டாங்க!"

வெர்னிஸுக்கு அது உடனே மண்டையில் ஏறவில்லை. டெலியா மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். அம்மா கடையைக் கட்டும்போது அந்தப் பெண் படியில் நின்று அழுதுகொண்டிருந்தாளாம். காலில் சுளுக்கு, செருப்பு இரண்டுமே இல்லை. வேன்கள் போய்விட்டன, ஆறு ஏறுகிறது, ரோட்டில் மண் விழும் சத்தம் கேட்டது. அம்மா அவளை முதுகில் தூக்கிக்கொண்டு மேட்டு வழியாகவே இறங்கிவிட்டாள். "உங்க வண்டி திரும்பி மேல போச்சுன்னு ரோட்ல இருந்தவங்க இப்பத்தான் சொன்னாங்க. அதான் ஓடி வந்தேன்."

"உயிரோடயா?" என்று ரெனிட்டா கேட்டாள்.

டெலியா அவளை வினோதமாகப் பார்த்தாள். "சூப் குடிச்சிட்டு இருக்கா. இன்னும் வேணுமாம்."

ரெனிட்டா எழுந்து மேட்டுப் பாதையில் நடந்தாள். வெர்னிஸைப் பார்க்கவில்லை. செருப்பை மார்போடு அணைத்திருந்தாள்.

கப்பல் போய்விட்டது. டாலிவர் குடும்பத்தில் மற்ற எல்லோரும் அதில் போனார்கள். கரையில் விடப்பட்டவர்களுக்கு வழக்கமாகச் செய்வதுபோல, மிஞ்சிய மூன்று பேரின் பாஸ்போர்ட்டுகளையும் கப்பல்காரர்கள் அவர்கள் அறையிலிருந்து எடுத்துத் துறைமுக முகவரிடம் விட்டிருந்தார்கள். விடுதிகளில் இடமில்லை. அன்செல்ம் மாமா அவர்களை வெர்னிஸின் வீட்டுக்கே கூட்டி வந்தார். வெர்னிஸின் கட்டிலில் நடுவில் ஜோரா, இரண்டு பக்கமும் ரெனிட்டாவும் ஒடெஸ்ஸாவும். ஒடெஸ்ஸா சாப்பிடவில்லை. "மழைக்கோட்ட அந்தப் பிள்ளைக்கு மாட்டினது நான்தானே" என்று சுவரைப் பார்த்துத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

வெர்னிஸ் கதவருகே போய் நின்றாள். "விடியற்காலைல பக்கத்துத் தீவு மார்த்தினிக்குக்குப் படகு இருக்கு மேடம். கப்பல் நாளைக்கு அங்கதான் நிக்கும். படகுத் துறை வரைக்கும் நான் கூட வந்து..."

"நீ வராத" என்றாள் ரெனிட்டா. குரலில் கோபம்கூட இல்லை. குழந்தையின் தலைமுடியிலிருந்து காய்ந்த சேற்றை ஒவ்வொரு துணுக்காக எடுத்துக்கொண்டிருந்தாள். "உங்க மாமா போதும்."

"சரி மேடம்."

"உதட்டுல ரத்தம். உப்புத் தண்ணில கொப்பளி."

அதைச் சொன்னது மன்னிப்பா, நர்ஸ் வேலையின் பழக்கமா என்று வெர்னிஸுக்குத் தெரியவில்லை. கேட்கிற உரிமையும் தனக்கு இல்லை என்று நினைத்தாள். கொப்பளித்தாள். எரிந்தது. சமையலறை மேசைக்கு வந்து குறிப்பேட்டைத் திறந்து, மேலே சொன்ன மூன்று வரிகளை எழுதினாள். நடந்ததை எல்லாம் எழுதிப் பார்க்கலாம் என்று நினைத்துப் பேனாவைத் தூக்கினாள். முடியவில்லை. கடைசிப் பகுதிக்குப் போனாள்.

நாளை: படகுக்கு முன் யூலாலி வீட்டுக்குப் போய், டெலியாவுக்குச் சிறிதாகிப்போன செருப்பு ஒரு ஜோடி ஜோராவுக்குக் கேட்டு வாங்க வேண்டும். மாமாவிடம் கொடுத்தனுப்ப வேண்டும். பிறகு வழிகாட்டிகள் சங்கத்துக்குப் போய், யாரும் கூப்பிடும் முன் நடந்ததை நானே சொல்ல வேண்டும்.