மாநாட்டில் படிக்க ஒரு கதை

அந்த வீட்டில் யார் எங்கே ஊருக்குப் போனாலும் பெட்டி அடுக்குவது நாகலக்ஷ்மியின் வேலை. மற்றவர்கள் கை வைத்தால் அவளுக்குப் பிடிக்காது. ரோஹிணிக்கு அவள் நாத்தனார். அதாவது கணவன் ஜெயந்தின் அக்கா. கல்யாணமாகிக் கொல்கத்தாவுக்கு வந்த பதினெட்டு வருஷத்தில் ரோஹிணிக்கு எல்லாமே அவள்தான். பாலிகஞ்ச் ஃபிளாட்டில் காற்று வருகிற ஒரே ஜன்னலடியில் தன் மேஜையை நகர்த்திப் போட்டு, "இங்கே உக்காந்து எழுது, அடுப்பை நான் பார்த்துக்கறேன்" என்று சொன்னவள். எழுதுகிற பெண்ணுக்கு இப்படி ஒரு நாத்தனார் யாருக்கு வாய்க்கும்? ரோஹிணி கொடுத்து வைத்தவள்தான். அந்தக் கொடுத்து வைத்தவள் செய்த காரியத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

அன்று மதியம் மூன்று இருபதுக்கு ஷாலிமாரில் ரயில். சென்னையில் எழுத்தாளர் மாநாடு. இரண்டாம் நாள் பதினோரு மணிக்கு ரோஹிணி மேடையேறித் தன் கதையைப் படிக்க வேண்டும். நாகலக்ஷ்மிக்குத் தலைகால் புரியவில்லை. விடிந்ததிலிருந்து அடுக்கிக்கொண்டே இருந்தாள். புளியோதரை ஒரு டப்பா, தயிர் சாதம் ஒரு டப்பா, மாத்திரைகள், ஊசி நூல், கொசுவத்தி வரைக்கும் வந்துவிட்டது.

"கொசுவத்தி எதுக்கு அக்கா? அங்கே ஹோட்டல்ல ரூம் கொடுக்கறா."

"ஏன், ஹோட்டல்ல கொசு வராதாக்கும்? சும்மா இரு."

பிறகு பீரோவைத் திறந்து, அடித்தட்டிலிருந்து ஒரு புடவையை எடுத்து வந்தாள். அரக்குப் பட்டு, மெல்லிய ஜரிகை. "ஒரே ஒரு தடவைதான் கட்டிண்டேன். வீணா தூங்கறது. மேடையில நீ இதைக் கட்டிக்கோ" என்று பெட்டியின் நட்டநடுவில் வைத்துத் தடவிவிட்டாள்.

அந்தப் புடவை ஏற்கெனவே ரோஹிணியின் கைப்பையில் இருந்தது. ஜெராக்ஸ் எடுத்த ஆறு பக்கக் கதையில், இரண்டாவது பக்கத்தில், அதே அரக்கு, அதே ஜரிகை.

விஷயம் இதுதான். மூன்று வருஷம் முன்னால், துர்கா பூஜை சமயத்தில், நாகலக்ஷ்மி டெங்குவில் படுத்தாள். அப்போது ஒரு மத்தியானம், கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்த ரோஹிணியிடம் தானாகவே சொன்னாள். அவளுக்கு நாற்பத்தொரு வயதில் ஒரு வரன் வந்தது. கார்டன் ரீச் பக்கம் இருந்தவர், மனைவியை இழந்தவர். காளிகாட் மெட்ரோ வாசலில் சந்திப்பதாக ஏற்பாடு. நீலச் சட்டை, கையில் செய்தித்தாள், அதுதான் அடையாளம். நாகலக்ஷ்மி புதுப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றாள். நீலச் சட்டை படியேறி வந்தது. மேல்படியில் நின்று இவளை ஏற இறங்கப் பார்த்தது. செய்தித்தாளை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, வந்த வழியே இறங்கிப் போய்விட்டது. இவள் வீட்டுக்கு வந்து, "அவர் வரவே இல்லை" என்று சொல்லிவிட்டாள். பார்த்துவிட்டுப் போனார் என்பதை விட அது எவ்வளவோ மேல் இல்லையா? "ஆத்துல ஒருத்தருக்கும் தெரியாது, ரோஹிணி. உன்னோட இருக்கட்டும்" என்றாள்.

ரோஹிணியும் வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. பத்திரிகைக்கு எழுதி அனுப்பினாள், அவ்வளவுதான்!

என்ன தைரியம் என்று கேட்கிறீர்களா? அந்த வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அக்காவும் தம்பியும் இங்கேயே பிறந்து இங்கேயே படித்தவர்கள். தமிழ் வாயில் இருக்கும்; எழுத்தைக் காட்டினால் விழிப்பார்கள். தமிழில் எழுதுவது பீரோவில் வைத்துப் பூட்டுகிற மாதிரி என்று நினைத்துவிட்டாள். கதை வந்து, பாராட்டுக் கடிதங்கள் வந்து, மாநாட்டுக்காரர்கள் போன் செய்து, "அந்த நீலச் சட்டைக் கதையையே படியுங்கள், எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள்" என்றும் சொல்லியாயிற்று. ஒவ்வொரு தடவையும் நாளைக்கு அக்காவிடம் சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். அந்த நாளை வரவே இல்லை. அக்கா சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தபோதே மனசுக்குள் முதல் வரி எழுதியாகிவிட்டது என்பதுதான் அவளுக்கு எல்லாவற்றையும் விட வெட்கமாக இருந்தது.

"எங்கே, அந்தக் கதையை ஒரு தடவை படிச்சுக் காட்டு" என்று நாகலக்ஷ்மி கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "உனக்கும் பழக்கமாகும், நானும் கேட்ட மாதிரி ஆச்சு. இத்தனை வருஷம் எழுதறே, ஒண்ணாவது கேட்டிருக்கேனா?"

"நாழியாறது அக்கா."

"ஆரே, மணி பத்துதான் ஆறது. படி."

ரோஹிணி காகிதத்தை எடுத்தாள். கண்ணைக் காகிதத்திலேயே வைத்துக்கொண்டு, வாய்க்கு வந்த வேறு ஒரு கதையைச் சொல்ல ஆரம்பித்தாள்! மழையில் தெருவெல்லாம் தண்ணீர். ஒருத்திக்குக் குக்கர் வெயிட் காணாமல் போய்விடுகிறது. கடைக்குப் போக முடியாது. மாடி மாடியாக ஏறி, கதவைத் தட்டி இரவல் கேட்கிறாள். ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவது ஒன்று நடக்கிறது, வெயிட் மட்டும் கிடைக்கவில்லை. ஆனால் பத்து வருஷமாக எட்டிப் பார்க்காத வீடுகளிலெல்லாம் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வருகிறாள். எங்கிருந்து வந்ததோ, தங்குதடையில்லாமல் வந்தது. நாகலக்ஷ்மி இரண்டு இடத்தில் வாய்விட்டுச் சிரித்தாள்.

"நன்னா இருந்தது" என்றாள் முடிந்ததும். "ரொம்ப நன்னா இருந்தது. ஆனா கையில ஆறு காகிதம் வச்சிருக்கே. ஒண்ணைக்கூட நீ திருப்பலையே?"

பாங்க் கவுண்டரில் முப்பத்தைந்து வருஷம் உட்கார்ந்தவள் நாகலக்ஷ்மி. படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர் யார், படித்த மாதிரி பாவனை செய்கிறவர் யார் என்று அவளுக்குத் தெரியாதா?

"அதுல என்ன எழுதியிருக்கோ அதைப் படி."

பொய் சொல்ல இன்னும் ஒரு தடவை தெம்பு இல்லை. ரோஹிணி படித்தாள். ஒரு வார்த்தை மாற்றவில்லை. இரண்டாவது பக்கத்தில் புடவை வந்தது. ஆனாலும் நிறுத்தாமல், ஆறு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் படித்து முடித்தாள். கீழே தெருவில் பழைய சாமான்காரன் கத்திக்கொண்டு போனான்.

"அவர் திரும்பிப் பார்த்தார்னு எழுதியிருக்கே" என்றாள் நாகலக்ஷ்மி. "அவர் திரும்பிப் பார்க்கலை."

"அக்கா, நான்..."

"எத்தனை பேர் படிச்சிருப்பா?"

"தெரியலை அக்கா. மூவாயிரம் பேர் இருக்கலாம்."

"அன்னிக்கு ஸ்டேஷன்ல அத்தனை பேர் இல்லே."

ரோஹிணி அழுதாள். காலைப் பிடிக்கப் போனாள். நாகலக்ஷ்மி காலை இழுத்துக்கொண்டு எழுந்து, பெட்டியிலிருந்து அரக்குப் பட்டை எடுத்தாள். நடுவில் பள்ளம் விழுந்தால் மற்ற சாமான்கள் உருளுமே! ஒரு துண்டை நாலாக மடித்து அந்த இடத்தில் வைத்து அமுக்கி, பெட்டியை மூடிப் பூட்டினாள். சாவியை எப்போதும் ரோஹிணியின் கையில் திணித்து விரல்களை மூடிவிடுவாள். இன்று மேஜை மேல் வைத்தாள்.

டாக்ஸி வந்ததும் வாசல் வரைக்கும் வந்தாள். "நான் போகலை அக்கா" என்றாள் ரோஹிணி.

"அழைச்சிருக்கா, போகாம என்ன? போய் அந்தக் குக்கர் கதையைப் படி. அது உன்னோடது."

ரயில் கிளம்பியதும் ரோஹிணி நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மழை, தண்ணீர், குக்கர் வெயிட். அதற்கு மேல் நகரவில்லை. காலையில் அருவி மாதிரி கொட்டியது எங்கே போய்த் தொலைந்தது? முதல் மாடியில் யார் இருந்தார்கள்? எந்த இடத்தில் அக்கா சிரித்தாள்? யோசித்து யோசித்துப் பார்த்தாள். கண்ணை மூடினால் அந்த ஆறு பக்கம்தான் கமா, முற்றுப்புள்ளியோடு ஓடியது. கரக்பூர் தாண்டும்போது நோட்டில் மூன்று வரி இருந்தது. மூன்றும் பொய் மாதிரி இருந்தது. மேடையில் எதைப் படிப்பாள்? நீலச் சட்டையைப் படித்தால் இந்த ஜன்மத்தில் அக்காவின் முகத்தில் விழிக்க முடியாது. பாவி, யாரிடம் கேட்பது? கேட்டவள் ஒருத்திதானே.

வீட்டுக்குப் போன் போட்டாள். நாலு தடவை மணி அடித்த பிறகுதான் நாகலக்ஷ்மி எடுத்தாள்.

"அக்கா, காலையில சொன்ன அந்தக் குக்கர் கதை. எனக்கு மறந்து போச்சு."

துண்டித்துவிடுவாள் என்றே ரோஹிணி நினைத்தாள்.

"பேனா இருக்கா?" என்றது குரல். "எழுதிக்கோ. முதல் மாடியில ஒரு கிழவர், காது கேக்காதவர். வெயிட் வேணும்னா, எடை மெஷினைக் கொண்டுவந்து வைக்கறார். ரெண்டாவது மாடியில புதுசாக் கல்யாணமானவா, குக்கரே இன்னும் பிரிக்கலை. மூணாவதுல அந்த பெங்காலி மாமி, சென் மாஷிமா. டீ கொடுத்துட்டு, எதுக்கு வந்தேன்னு கேக்க மறந்துடறா..."

ஒரு சொல் விடாமல் வந்தது. ரோஹிணி சொன்ன அதே வரிசை, அவள் திணறிய இடத்தில் அதே திணறல்கூட. ரோஹிணி எழுதிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

"எப்படி அக்கா இப்படி அப்படியே ஞாபகம் வச்சிருக்கேள்? ஒரு தடவைதானே கேட்டேள்?"

"நானும் உன்கிட்ட ஒரு தடவைதான் சொன்னேன்" என்றாள் நாகலக்ஷ்மி. "நீ ஒண்ணாவது மறந்தியா? எழுதிக்கோ. நாலாவது மாடி."