தொட்டதால் தொலைந்த முதற்கோல்

ஒருகாலத்தில் இரும்புருக்கிய உலைகளின் புகையால் பகலிலும் மங்கிக் கிடந்து, அவ்வுலைகள் அவிந்தபின் அவை நின்ற பள்ளத்திலேயே ஏரியொன்றை வெட்டி நீர் நிரப்பி, அதன் கரையில் அமர்ந்து காற்று வாங்கப் பழகிக்கொண்ட டோர்ட்மண்ட் நகரின்மீது, வைகாசித் திங்களின் பிற்பகல் வெயில், நெடுநாள் வாராதிருந்த உறவினர் வந்தமர்ந்ததுபோல் அமர்ந்திருந்தது. தொலைவில், உலகறிந்த பெருந்திடலின் மஞ்சள் தூண்கள் வீட்டுக் கூரைகளுக்கு மேலே தலைநீட்டி நின்றன. எண்பதினாயிரவர் ஒருங்கே ஆர்ப்பரிக்கும் அவ்விடத்துக்கு உம்மை நான் அழைத்துச் செல்லப்போவதில்லை, நூலறிந்த நண்பரே. தொடருந்துப் பாதைக்கும் சிறு தோட்டக் குடில்களின் வரிசைக்கும் இடையே, சுரங்கத் தொழிலாளர் தமக்கென முன்னாளில் அமைத்துக்கொண்ட சின்னஞ்சிறு திடல் ஒன்று உண்டு. ஒருபுறம் நான்கு படிக்கட்டுகள், மறுபுறம் வேலி, வேலிக்கு அப்பால் தம் கத்தரிக்காய்ச் செடிக்கு நீர் ஊற்றும் யேர்மானிய முதியவர் ஒருவர்: அத்திடலின் சிறப்பு அவ்வளவே.

அன்று அங்கே ஆடவிருந்தவை இரண்டு நாடுகளின் மகளிர் உதைபந்தாட்ட அணிகள். ஆயினும் அவ்விரு நாடுகளையும் எந்த உலகப் படத்திலும் நீர் காணமாட்டீர். ஒன்று, வடதிசைக் குளிர்கடலோரத்தில் தன் மொழியைப் பல்லைக் கடித்துக் காத்துவரும் சிறு மக்கட்கூட்டம் ஒன்றின் அணி. நாடற்றோர் தமக்குள் ஆடும் போட்டிகளில் நெடுநாள் அடிபட்டுத் தேர்ந்தது. மற்றது நம் ஈழத்தமிழ் மகளிர் அணி; அதற்கு அதுவே முதற்போட்டி. திடலின் வாயிலில் மேசையொன்று இட்டு, தனிநாடு குறித்துத் தாயக மக்களிடமே வாக்கெடுக்கவேண்டும் என ஐரோப்பிய மன்றைக் கேட்கும் தாள்களில் கையொப்பம் வாங்கிக்கொண்டிருந்தனர். அவ்வேனிலில் கோயில் வாயிலிலும் கடை வாயிலிலும் அதே தாள்கள்தாம்; ஒப்பமிடாமல் ஒருவர் ஒரு கட்டுக் கீரை வாங்கிவிட இயலாது. மேசைக்குப் பக்கத்தில், கறியை உள்ளே வைத்துச் சுருட்டிய ரோல்ஸ் பொரிந்துகொண்டிருந்தது. அதற்கொரு தூய தமிழ்ப் பெயர் ஆக்க மூன்று நாள் முயன்று தோற்றேன். ஆதலால் உண்பவர் சொல்லும் பெயரையே நானும் சொல்கிறேன்.

ஒலிவாங்கியைப் பற்றி நின்றவர் குணசேகரம் என்னும் பெரியவர். யேர்மனியெங்கும் உள்ள தமிழ்ப் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் பொது அறிவுப் போட்டிக்கு வினாத்தாள் ஆக்குபவர் அவரே. முதன்முதல் எது, முதன்முதல் யார் என்று கேட்பதில் அவருக்கு அடங்காத விருப்பம். தம் வீட்டுத் தொலைபேசி எண்ணை மறந்த பிள்ளைகளும் அவர் கேட்கும் முதல்களை மறப்பதில்லை.

“எங்களை நாடெண்டு ஆர் ஒத்துக்கொள்ளாட்டிலும் பறவாயில்லை, இண்டைக்குப் பந்து ஒத்துக்கொள்ளும்!” என்று அவர் முழங்கினார். “ஒண்டு சொல்லிப்போட்டன், கேட்டுக்கொள்ளுங்கோ. இண்டைக்கு முதற்கோல் அடிக்கிற பிள்ளையின்ர பேர் வாற வருசக் கேள்வித்தாளில வரும். முப்பது வருசத்துக்குப் பிறகும் எங்கட பிள்ளையள் அந்தப் பேரைப் பாடமாக்குவினம்.”

கூட்டம் சிரித்துக் கைதட்டியது. ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அவள் அணித்தலைவி சிவானுஜா.

முப்பத்தொரு வயதினள், ரூர் ஆற்று நிலத்து நகரங்களுக்கிடையே தொடருந்து ஓட்டுபவள், பதினொரு வயதில் அதே குணசேகரத்தின் போட்டியில் முதற்பரிசு பெற்று, அன்று விடையாக எழுதிய பெயர்களையெல்லாம் இன்னும் ஒப்பிக்க வல்லவள், பிறர் பெயரை விடையாக எழுதும்போதே தன் பெயரும் ஒருநாள் விடையாகவேண்டும் என்று ஆசைப்பட்டு, அச்சிறுபிள்ளை ஆசையை வளர்ந்தபின்னும் கைவிடாதவள். இவ்வணி அவள் கையால் ஆனது. பணி முடிந்த களைப்போடு வீடு வீடாகச் சென்று, காலில் அடிபட்டால் திருமணப் பேச்சில் என்ன சொல்வது என்று கேட்ட தாய்மாரிடம் தேநீர் குடித்து, மறுமுறை சென்று மறுமுறையும் தேநீர் குடித்து, ஆறு ஆண்டுகளில் பதினெட்டுப் பெண்களைச் சேர்த்தவள் அவள். மாரிக்காலத்தில் உடற்பயிற்சிக் கூடம் கேட்டு நகராட்சி வாயிலில் காத்துக் கிடந்ததும் அவளே. சேற்றுச் சட்டைகளைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போய்த் தோய்த்ததும் அவளே. முதற்கோல் தனக்குரியது என்று அவள் எண்ணியதில் தவறென்ன, நீரே சொல்லும்?

அவ்வெண்ணத்தின் குறுக்கே வந்தவள், மூன்று கிழமைக்கு முன் அணியிற் சேர்ந்த ஜெசிகா. பத்தொன்பது வயது, எட்டு வயது முதல் யேர்மானியக் கழகமொன்றின் இளையோர் அணியில் பயின்றவள், சனிக்கிழமைப் பயிற்சியின் பொருட்டுத் தமிழ்ப் பள்ளியை மூன்றாம் வகுப்போடு விட்டு, கற்ற எழுத்துகளையும் மறந்தவள். அவளை அழைத்து ஆறு மடல்கள் எழுதியவளும் சிவானுஜாவே என்பதுதான் வேடிக்கை. வந்த நாளில், உயரத்திலிருந்து விழுந்த பந்தைத் தூங்கும் குழந்தையை வாங்குவதுபோல் அவள் காலால் வாங்கியதைக் கண்டு, “எங்களுக்கு வாய்ச்சுது” என்று உள்ளம் நிறைந்து சொன்னாள் அணித்தலைவி. அன்று மாலையே, தன்னைச் சூழ்ந்து நிற்கும் சிறுமியரெல்லாம் தன்னைக் கடந்தோடி அப்புதியவளோடு படம் எடுத்துக்கொள்ளக் கண்டபோது, அதே உள்ளம் எரியத் தொடங்கியது.

அழுக்காறு பெருந்தீனி கேட்பதில்லை. பருக்கை பருக்கையாய்ப் பொறுக்கித் தின்றே கொழுத்துவிடும். பயிற்சியாளர் ஜெசிகாவோடு யேர்மானிய மொழியில் நெடுநேரம் பேசியது ஒரு பருக்கை. அவள் தலைமுடியைப் பார்த்து மற்றப் பெண்களும் அவ்வாறே கட்டிக்கொண்டது இன்னொன்று. அவள் எவரிடமும் முகங்கோணாமல் நடந்துகொண்டதுகூட ஒன்றுதான்; குறை கண்டுபிடிக்க இடம் வைக்காதவரை யாரால் பொறுக்கமுடியும்? சட்டைகளின் முதுகில் பெயர்களைத் தமிழில் அச்சிட்டு வந்த நாளில், தன் பெயர் எது என்று ஜெசிகா மற்றவர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பேரை வாசிக்கத் தெரியாதவளுக்குப் பேர் எதற்கு என்று சிவானுஜா தனக்குள் சொல்லிக்கொண்டாள். அச்சொல் அவளுக்கே கசந்தது. ஆயினும் அதை அவள் துப்பவில்லை.

ஆட்டம் தொடங்கியது. வடபுலத்துப் பெண்கள் உயரமும் வலிமையும் உடையவர்கள், நம்மவர் விரைவுடையவர்கள். முற்பாதியில் மூன்று முறை, தடுப்பார் எவருமின்றி ஜெசிகா கைகாட்டி நிற்க, மூன்று முறையும் சிவானுஜா பந்தை அவளுக்குக் கொடாமல் தானே கொண்டோடி இழந்தாள். முதன்முறை, அவளைக் காணவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரண்டாம் முறை ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. மூன்றாம் முறை, கண்டேதான் கொடுக்கவில்லை. இடைவேளையில் ஜெசிகா தன் தண்ணீர்க் குடுவையை அவளிடம் நீட்டி, “இடப்பக்கம் ஓடுங்கோ அக்கா, அவையின்ர அந்தப் பின்னுக்கு நிக்கிற பிள்ளை களைச்சுப்போனா,” என்றாள். சிவானுஜா தண்ணீரை வாங்கிக்கொண்டாள், சொல்லை வாங்கிக்கொள்ளவில்லை.

எழுபத்தோராம் நிமிடத்தில், நடுத்திடலில் பந்தை வாங்கிய ஜெசிகா, ஒருத்தியை இடத்தாலும் மற்றொருத்தியை வலத்தாலும் விலக்கி, மூன்றாமவள் திகைத்து நிற்கையில் அவளையும் கடந்து, எதிரணியின் வலைக்காவலாள் கைவிரித்து முன்னே ஓடிவரக் கண்டு, அவள் தலைக்கு மேலாகப் பந்தை மெல்லத் தூக்கி அனுப்பினாள். படிக்கட்டில் இருந்தவரெல்லாம் எழுந்தனர். வேலிக்கப்பால் நின்ற முதியவரும் நீர்க்குழாயைக் கீழே போட்டார். பந்து ஒருமுறை தரையில் பட்டு எழுந்து, பின் உருண்டு, ஆளில்லாத வலையை நோக்கிச் சென்றது. அதன் பக்கத்தே, பந்து உதைபடுமுன்பே எல்லாரையும் முந்தி ஓடி வந்திருந்த சிவானுஜா ஒருத்தியே நின்றாள்.

இங்கே ஆட்டத்தின் விதியொன்றை நீர் அறியவேண்டும். பந்து உதைக்கப்படும்போது எதிரணியினரை முந்தி வலையருகே நிற்பவள் அப்பந்தைத் தொடலாகாது. தொட்டால் கோல் செல்லாது. தொடாது நின்றாளாயின் குற்றமில்லை. பந்து தன் வழியே உள்ளே போகும், அனுப்பியவள் பெயரில் கோல் எழுதப்படும். சிவானுஜா இவ்விதியை அறியாதவள் அல்லள். பதினெட்டுப் பெண்களுக்கும் கற்பித்தவள். பந்து வெளியே போகுமோ என்று அஞ்சினாளோ எனில், அதுவும் இல்லை. நாள்தோறும் விரைந்துவரும் வண்டியை நிலையத்துக் கோட்டில் பிழையாமல் நிறுத்திப் பழகிய கண்கள் அவளுடையவை. எந்த விரைவில் வருவது எங்கே போய் முடியும் என்று அவற்றுக்குத் தெரியும். பந்து உள்ளேதான் போகிறது என்று கண்டாள். கண்ட அந்நொடியிலேயே, முப்பது ஆண்டுக்குப் பின் யாரோ ஒரு பிள்ளை எழுதுகோலைக் கடித்துக்கொண்டு ஜெசிகா என்னும் பெயரை எழுதுவதையும் கண்டாள். அவள் கால் நீண்டது. கோட்டுக்கு ஒரு சாண் இப்பால், அவள் அப்பந்தைத் தொட்டு உள்ளே தள்ளினாள்.

துணை நடுவரின் கொடி உயர்ந்தது.

ஆர்ப்பரித்த கூட்டம் ஆர்ப்பரித்தபடியே சிறிதுநேரம் இருந்து, பின் ஒவ்வொருவராய் அமர்ந்தது. எண்பத்தெட்டாம் நிமிடத்தில் வடபுலத்தார் ஒரு கோல் அடித்தனர். ஒன்றுக்குச் சுழியம் என்று ஆட்டம் முடிந்தது. குணசேகரம் குறிப்பெழுத வைத்திருந்த தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் இட்டு, ஒலிவாங்கியை எடுத்து, “தோத்தாலும் பறவாயில்லை. தன்னைப் பாராமல் ஓடிப்போய் அந்தப் பந்தைத் தள்ளினா பாருங்கோ எங்கட தலைவி, அதுதான் பற்று!” என்றார். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினர். எப்புகழுக்காக அவள் அத்தனை ஆண்டு ஏங்கினாளோ அப்புகழ் அவ்வாறு வந்து சேர்ந்தது. அவள் தலை குனிந்து நின்றாள். பணிவு என்று எண்ணி இன்னும் உரக்கத் தட்டினர்.

உடைமாற்றும் அறையில் ஜெசிகா அவளருகே வந்தமர்ந்து, காலணி முடிச்சை அவிழ்த்தபடி கேட்டாள்.

“அக்கா, அது உள்ள போய்க்கொண்டிருந்ததெல்லோ? ஏன் தொட்டனீங்கள்?”

“வெளியில போறமாதிரி இருந்தது.”

“ஓ. காத்தும் அடிச்சதுதானே,” என்றாள் ஜெசிகா. “அப்ப சரி.”

அவள் நம்பிவிட்டாள். ஐயுற்றிருந்தால் சிவானுஜா சினந்திருப்பாள், சினந்திருந்தால் தப்பியிருப்பாள். தன்னைக் கண்டு ஒருத்தி வயிறெரிவாள் என்னும் நினைவே அப்பெண்ணின் மனத்தில் எழவில்லை என்பதைக் கண்டபோது, மூன்று கிழமையாய்த் தான் ஒருத்தியாகவே இழுத்துக்கொண்டிருந்த கயிற்றின் மறுமுனையில் எவருமே இல்லை என்று அவளுக்கு விளங்கியது. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

வெளியே வந்தபோது வாயில் மேசையில் இன்னும் சிலர் வரிசையில் நின்றனர். ஜெசிகாவும் நின்றாள். முறை வந்ததும் எழுதுகோலை எடுத்தவள் தயங்கித் திரும்பிப் பார்த்தாள்.

“அக்கா, எல்லாரும் தமிழில வைச்சிருக்கினம். எனக்கும் தமிழில வைக்கவேணும். எழுதிக் காட்டுறீங்களோ?”

சிவானுஜா எழுதுகோலை வாங்கினாள். தாளில் அதன் முனையை வைத்தாள். எந்தப் பெயர் எழுதப்படலாகாது என்று கால் நீட்டினாளோ, அப்பெயரின் முதலெழுத்தை எழுதக் கை எழவில்லை.

“ஜெசிகா,” என்றாள். “பந்து வெளியில போகேல்லை. அது உள்ளதான். எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சோ தொட்டனீங்கள்?”

“ஓம்.”

“ஏன்?”

“உன்ர பேர் வரக்கூடாதெண்டு.”

வரிசையில் பின்னே நின்றவர்கள் ரோல்ஸின் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தனர். ஜெசிகாவின் முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை; பின் காதுவரை சிவந்தது. அவள் சிவானுஜாவின் விரல்களிலிருந்து எழுதுகோலைப் பிடுங்கினாள். தோளில் தொங்கிய பைக்குள்ளிருந்து தன் ஆட்டச் சட்டையை உருவி, ஈரமும் புல்லும் ஒட்டியிருந்த அதை மேசைமேல் முதுகுப்புறம் தெரிய விரித்தாள். அங்கே அச்சிட்டிருந்த பெயரின்மீது இடக்கைச் சுட்டுவிரலை வைத்து, பார்த்துப் பார்த்து, எழுத்து எழுத்தாக, எவர் உதவியும் இன்றி, தாளில் எழுதத் தொடங்கினாள். கொம்பு எது, உடல் எது என்று அறியாமல் படம் வரைவதுபோல் வரைந்தாள். வரிசை முணுமுணுத்தது, அவள் பொருட்படுத்தவில்லை. முடித்தபோது எழுத்துகள் மிகப் பெரியனவாகி, தம் வரியைத் தாண்டி அடுத்த வரியிலும் பாதியை அடைத்துக்கொண்டிருந்தன.

எழுதுகோலை நீட்டினாள்.

“இந்தாங்கோ. அடுத்த முறை தொடாமல் நில்லுங்கோ, அக்கா. அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்.”

அவ்வளவு நடந்தபின்னும் அவள் வாயில் அந்த அக்கா என்னும் சொல் இருந்ததுதான் சிவானுஜாவைச் சுட்டது.

அடுத்த ஆண்டு வினாத்தாளில் குணசேகரம், நமது மகளிர் அணியின் முதற்போட்டி நடந்த நகர் எது என்று கேட்டார். பிள்ளைகள் எல்லாரும் டோர்ட்மண்ட் என்று பிழையின்றி எழுதினர். முதற்போட்டியில் நமக்காகக் கோல் அடித்தவர் யார் என்று கேட்க வழியில்லை. ஆயினும், நண்பரே, எமக்குரியதை எமக்குத் தாரும் என்று உலகைக் கேட்டுப் பல்லாயிரவர் ஒப்பமிட்ட அத்தாள்களுள் ஒன்றில், தன் பெயரைத் தானே பார்த்து எழுதக் கற்றவளின் பெரிய எழுத்துகளுக்குக் கீழே, அவளுக்குரியதை அவளுக்குக் கொடாதவளின் பெயர், எஞ்சிய இடத்தில், மிகச் சிறியதாக இருக்கிறது.