கோடு போட்ட கட்டம்

லிஃப்ட் மெக்கானிக்கின் எடை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குக் காணாமல் போனது. ஆள் அப்படியே இருந்தார், தொப்பையும் இருந்தது. உடல்நலக் கணக்கெடுப்புக்கு வந்தவர்கள் அவரை எடை மெஷினில் ஏற்றிய நேரம் பார்த்து அதன் பேட்டரி தீர்ந்துபோக, எழுதுபவர் சோம்பல்பட்டு அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டார். புள்ளியியல் அலுவலகத்தின் கணினி மொழிக்குக் கோடு என்றால் ‘தெரியாது’ என்று பொருள். தெரியாததோடு எதைக் கூட்டினாலும் விடையும் ‘தெரியாது’தான். மாலைக்குள் ஊரின் மொத்த எடையும் சராசரி எடையும் தெரியாமல் போயின. மெக்கானிக் ஏறிய லிஃப்டுகள் உள்ளே எவ்வளவு பாரம் என்று கூட்டிப் பார்த்து, குழம்பி, கதவைத் திறந்தபடி நின்றுவிட்டன. எந்த மெஷினில் ஏறினாலும் எண் வரவில்லை. அவர் படியேறி வேலைக்குப் போகப் பழகினார். தினமும் ஒன்பது மாடி ஏறியும் உடம்பு இளைத்ததா என்று தெரிந்துகொள்ள வழியில்லை என்பதுதான் அவருக்கு மனக்குறை.

அவர் மனைவி அதே புள்ளியியல் அலுவலகத்தில், அந்த மொழியின் அடியாழத்தில் ஒளிந்திருக்கும் பிழைகளைப் பிடிக்கிற வேலையில் இருந்தார். பூஜ்யம் கழித்தல் குறியோடு அலைவதையும், பத்தில் ஒன்றை மூன்று முறை கூட்டினால் ஒரு துளி அதிகமாக வருவதையும் கையும் களவுமாகப் பிடித்தவர். இந்தக் கோட்டை மட்டும் அவரால் சரிசெய்ய முடியவில்லை. முதலில் அந்தக் கட்டத்தில் மற்றவர்களின் சராசரி எடையைப் போட்டுப் பார்த்தார். அடுத்த மூன்று நாள் கணவர் எல்லாரையும் போல இருந்தார். செருப்பைத் தேடவில்லை, குளிக்கும்போது பாடவில்லை, எல்லாரும் சிரிக்கிற இடத்தில் அளவாகச் சிரித்தார். நாலாம் நாள் மனைவி அழுதுகொண்டே பழைய கோட்டைத் திரும்பப் போட்டார். குளியலறையிலிருந்து அந்தக் கர்ணகடூரமான பாட்டு கேட்ட பிறகுதான் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அலுவலக இயக்குநருக்குப் பொறுமை போய்விட்டது. ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில் ‘தெரியாது’ என்று அச்சடித்தால் ஊர் சிரிக்காதா? தெரியாதவற்றை நீக்கிவிட்டுக் கூட்டு என்று ஒரே ஒரு வரி சேர்க்கச் சொன்னார். புதன்கிழமை மதியம் ஒத்திகை நடந்தது. சராசரி லட்சணமாக வந்தது. அதே நேரம், வீட்டில் மனைவிக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த மெக்கானிக் பதினொரு நிமிடம் இல்லாமல் போனார். அவர் கையிலிருந்த தண்ணீர் தம்ளர் மட்டும் அந்தரத்தில் காத்திருந்தது. ஒத்திகை முடிந்ததும் திரும்பி வந்து மிச்சத் தண்ணீரைக் குடித்தார்.

“எங்க போயிருந்தீங்க?” என்றார் மனைவி.

“இங்கதானே இருக்கேன். நீதான் பேயறைஞ்ச மாதிரி இருக்கே.”

வெள்ளிக்கிழமை அறிக்கை அச்சுக்குப் போனால் நீக்கம் நிரந்தரம். பிழை பிடிக்க வந்த நாளிலிருந்து முதன்முறையாக மனைவிக்குப் பயமாக இருந்தது.

வியாழன் முழுக்க அவர் மொழியின் அடியாழத்தைத் துழாவினார். சாயங்காலம் நாலரை மணிக்கு ஒரு பழைய விதி கையில் சிக்கியது. ஒரு ‘தெரியாது’, ஓர் ‘ஆம்’, இரண்டில் ஒன்றாவது ஆமா என்று கேட்டால், அந்த மொழி யோசிக்காமல் ஆம் என்கிறது. தெரியாதது எதுவாக இருந்தால் என்ன, பக்கத்தில் ஓர் ஆம் இருக்கிறதே. எப்போதோ யாரோ இதைப் பிழை என்று புகார் கொடுத்து, பிழையல்ல என்று பதிலும் வாங்கியிருந்தார்கள். மனைவி பட்டியலில் புதிதாக ஒரு கேள்வி சேர்த்தார்: இவரோ இவருடைய துணையோ இருக்கிறாரா? ஆம் என்று விடை வந்தால் ஆளை நீக்கக்கூடாது. தனக்கான கட்டத்தில் தன் கையாலேயே ஆம் என்று போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னார்.

“சரி, நாம சண்டை போட்டா?”

“தாராளமா போடலாம். அந்தக் கட்டத்துல மட்டும் கை வைக்க மாட்டேன்.”

“நீ வெளியூர் போனா?”

“எங்க போனாலும் இருப்பேன்ல? அது போதும்.”

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நிரல் ஓடியது. இயக்குநர் திரையைப் பார்த்தார். மனைவி போனைக் காதில் அழுத்திக்கொண்டு கணவரைப் பாடச் சொல்லிக் கேட்டார். சுருதி மூன்று இடத்தில் விலகியது. பாட்டு நிற்கவில்லை. மனைவி மேசையில் தலைவைத்துச் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

திரையில் சராசரி எடை ‘தெரியாது’ என்றே வந்தது. இயக்குநர் பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார். அடுத்த இருபத்தாறு வருடமும் அறிக்கையின் முதல் பக்கம் அப்படித்தான் வந்தது. ஊருக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. தையல்காரர்கள் எப்போதும் போல அளவெடுத்தே தைத்தார்கள். மெக்கானிக் தன் கட்டடத்து லிஃப்டுக்கும் அதே விதியைச் சொல்லிக்கொடுத்தார். அவர் தனியாக ஏறினால் அது இன்றைக்கும் நகராது. மனைவி கூட ஏறினால் கிளம்பும். இருவரும் சண்டை போட்டிருக்கும் காலைகளில் மட்டும் கொஞ்சம் தயங்கும். அப்போது ஏழாம் மாடிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “சீக்கிரம் சமாதானமாயிடுங்க, எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்பார். கதவு மூடிக்கொள்ளும்.