வாங் வீட்டு ரப்பர் விமானம்

அன்று ஆற்றங்கரை வரப்பில் இருந்தவர்கள் ஐந்து பேர். என் மாமனார் வாங் சேஜுன். அவருடைய மூத்த மகனும் என் கணவருமான கிசோப். இளைய மகன் ஜேசோப். விமானத்தை உருவாக்கியவன் அவன்தான். ஊர்ப் பள்ளியில் அறிவியல் பாடம் எடுத்த பியோன் வாத்தியார். ஐந்தாவது நான், மெங் சுன்ரே, அந்த வீட்டின் மூத்த மருமகள். ஆறாவதாக ஒருவர் வைக்கோல்போருக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்ததாகச் சொல்கிறார்கள். அந்த வயலில் வைக்கோல்போரே கிடையாது.

அது 1970 ஏப்ரல். எங்கள் ஊருக்கு எதிர்க்கரை வடக்கு; போருக்குப் பிறகு அது எதிரி நாடு. தெளிவான நாளில் அங்கே ஏர் ஓட்டுகிறவரின் தொப்பிகூடத் தெரியும். அதற்கும் பின்னால் சோங்கக் மலை. மலையடியில் கேசோங், மாமனாரின் ஊர். இருபது வருடத்துக்கு முன் போர் வந்தபோது, அது ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்று நம்பி, மாமியார் வீட்டைப் பார்த்துக்கொள்ள அங்கேயே நின்றுவிட்டார். மாமனார் இரண்டு பிள்ளைகளோடு ஆற்றைக் கடந்தார். அதற்குப் பிறகு ஆற்றை யாரும் கடக்கவில்லை. எல்லோரும் தெற்குப் பார்த்து வீடு கட்டும் ஊரில் மாமனார் வடக்குப் பார்த்துக் கட்டினார். குளிர்காலத்தில் எங்கள் கூடத்தில் தண்ணீர் உறையும். ஊர் சிரித்தது. சிரிக்கட்டும் என்று இருந்தோம்.

வீட்டுக்குப் பின்னால் பட்டறை. பள்ளிப் பிள்ளைகள் பூட்டிப் பறக்கவிடும் ரப்பர் விமானங்களைச் செய்து உறையில் போட்டு விற்றோம். அந்த மார்ச் மாதம் பியோன் வாத்தியார் வந்து, எங்கள் பழைய விமானம் ஒன்றை மேஜைமேல் வைத்தார். மூங்கில் சிம்பை மெழுகுவத்தியில் காட்டி வளைத்து, காகிதம் ஒட்டிச் செய்யும் வகை. அதன் ஒரு இறக்கை கருகியிருந்தது.

"போன வருஷம் நாலு புள்ளைங்க விரலச் சுட்டுக்கிச்சு. ஒருத்தி ஜடையவே கொளுத்திக்கிட்டா. நடத்தறது விமானப் போட்டியா, தீயணைப்புப் போட்டியான்னு கேக்குறாரு தலைமையாசிரியர். பசை வேணாம், கத்தி வேணாம், நெருப்பு வேணாம். ஒண்ணாங்கிளாஸ் புள்ள ஒரு பீரியடுல பூட்டிப் பறக்கவிடணும்."

"பறக்க வேற செய்யணுமா?" என்றான் ஜேசோப்.

"கிண்டலப் பாரு. ஜில்லா முழுக்க எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் சேத்துக் கேக்குறேன்."

அதன்பிறகு ஜேசோப் சோறு தின்றதும் தூங்கியதும் பட்டறையில்தான். உடலுக்கு ஒரே ஒரு குச்சி. அதில் ஒரு கீறல். இறக்கை அந்தக் கீறலில் நுழையும். வால் பின்முனையில் செருகும். ப்ரொப்பல்லரைச் சுழற்றும் அதே ரப்பர் முறுகி இறுகும்போது இறக்கையும் வாலும் தாமாகவே பூட்டிக்கொள்ளும். துண்டுகளின்மேல் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டிருந்தான். படிக்கத் தெரியாத பிள்ளையும் பூட்டலாம்.

இறக்கைக்கு மரம்தான் அமையவில்லை. ஒரு நாள் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"அண்ணி, உங்க பெட்டியில கடைசி இழுப்பறைல என்ன இருக்கு?"

"என்ன வேணும்னு நேராக் கேளு."

"இழுப்பறை வேணாம். அடிப்பலகை மட்டும்."

அது என் சீதனப் பெட்டி. நான் பிறந்தபோது என் அப்பா நட்ட ஓதோங் மரத்தில் செய்தது. ஓதோங் பலகையைக் கையில் எடுத்தால் எடுத்ததே தெரியாது. பலகையைக் கொடுத்தேன். அந்த இழுப்பறை இன்றும் அடியில்லாமல்தான் இருக்கிறது.

கடைத் தராசு அவ்வளவு லேசான பொருளுக்கு அசையவில்லை. அதனால் அடிக்கோலை நடுவில் தாங்கி, ஒரு முனையில் விமானத்தையும் மறுமுனையில் என் நெத்திலிக் கருவாட்டையும் வைத்து நிறுத்தான்.

"ஆறு நெத்திலி, அப்பா!"

"தலையோடவா, தலை இல்லாமயா?" என்றார் மாமனார்.

"தலையோட."

"அப்ப செதுக்குனது போதும். இதுக்கு மேல செதுக்குனா விமானம் இருக்காது, எண்ணம்தான் இருக்கும்."

முத்திரை குத்துவதில்தான் தகராறு வந்தது. எங்கள் பட்டறையிலிருந்து போகும் எல்லாவற்றிலும் 'வாங்' என்ற பெயரும் ஊரும் இருக்கும்.

"மையும் எடைதான், அண்ணி. இதுல வேணாமே."

"எடையா இருந்தா இருக்கட்டும். பேர் இல்லாம இந்த வீட்டுலேருந்து ஒரு துரும்பும் வெளிய போகாது."

வாங் வம்சம் ஒரு காலத்தில் அரசாண்டது. ஆட்சி போனபின் உயிருக்குப் பயந்து பலர் பெயரை மாற்றிக்கொண்டு மலைகளில் ஒளிந்தார்கள். மாமனாரின் முன்னோர் மாற்றிக்கொள்ளாதவர்கள். நான் அந்த வீட்டுக்கு வாழவந்தவள். முத்திரையை நானே இறக்கையில் குத்தினேன். அதற்காக இன்றுவரை வருந்தவில்லை.

வரப்பில் கூடிய அன்று தெற்கிலிருந்து காற்று. விதைப்புக்கு முன்னால் பூச்சி சாக வரப்புப் புல்லைக் கொளுத்துவார்கள். வயலெங்கும் புகை வடக்கே சாய்ந்து எழுந்துகொண்டிருந்தது. ரப்பரை நான் முறுக்கி மாமனார் கையில் கொடுத்தேன். முதல் விமானத்தை வீட்டுத் தலைவர்தான் விட வேண்டும். அவர் கையைத் திறந்தார். அவ்வளவுதான், எறியவில்லை.

விமானம் வரப்பை ஒட்டியே போனது, புகைக்குள் நுழைந்தது, ஏறியது. ரப்பர் முறுக்கு தீர்ந்து ப்ரொப்பல்லர் நின்ற பிறகும் ஏறியது. வாத்தியார் கைதட்டினார். பிறகு தட்டுவதை நிறுத்தினார்.

"இறங்கலியே," என்றார்.

"இறங்கும்," என்றான் ஜேசோப். சொல்லிவிட்டு ஓடினான். முள்கம்பி வேலிவரை ஓடி நின்றான். வேலிக்கு அப்பால் கண்ணிவெடி, அதற்கு அப்பால் ஆறு. விமானம் ஆற்றுக்குமேல் ஒரு புள்ளியாகி, எதிர்க்கரையின் சாம்பல் நிறத்தில் கரைந்தது.

"வீட்டுக்குப் போவோம்," என்றார் என் கணவர். மாமனார் மட்டும் அசையாமல் வடக்கே பார்த்துக்கொண்டு நின்றார். "காத்து நேரா நம்ம ஊருக்குத்தான் அடிக்குது," என்றார். வாத்தியார் சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தார்.

எதிர்க்கரையில் ஒலிபெருக்கி உண்டு. மாலையானால் பாட்டும், அந்தப் பக்கத்துச் சோற்றின் பெருமையும் வரும். நாங்கள் அதைத் தவளைச் சத்தம்போல எடுத்துக்கொள்வோம். மறுநாள் மாலை பாட்டு பாதியில் நின்றது. ஒரு பெண்குரல், மிக இனிமையான குரல், பேசியது.

"தென்கரையில் வாழும் வாங் குடும்பத்தாரே. நீங்கள் அனுப்பிய விமானம் வந்து சேர்ந்தது. அதிலிருந்த புகைப்படத்தை உங்கள் அம்மாவிடம் கொடுத்தோம். நலமாக இருக்கிறார். உங்கள் அறை அப்படியே இருக்கிறது. வாருங்கள்."

நான் முற்றத்தில் கீரை அலசிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் சன்னல் சாத்தும் சத்தம் கேட்டது. அடுத்து அதற்கடுத்த வீட்டில்.

காலையில் ராணுவ ஜீப் வந்தது. கேப்டன் பாங் என்று ஒருவர் இறங்கினார். மரியாதையானவர். காலணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார், வாற்கோதுமைத் தண்ணீரை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். சுவரிலிருந்த படங்களை ஒவ்வொன்றாக இறக்கச் சொன்னார். ஓரிடத்தில் சுவர்த்தாள் சதுரமாக வெளுத்திருந்தது.

"இங்க என்ன இருந்துச்சு?"

"காலண்டர்," என்றேன்.

பிறகு ஒரு விமான உறையைப் பிரித்துத் துண்டுகளைப் பரப்பினார். பற்றவைத்த சிகரெட் முடியுமுன் விமானத்தைப் பூட்டிவிட்டார்.

"இந்த நம்பர்லாம் என்ன?"

"பூட்டுற வரிசை, சார்," என்றான் ஜேசோப்.

"ஏன் இவ்வளவு சுலபமாச் செஞ்சீங்க?"

"சின்னப் புள்ளைங்களுக்காக."

"சுலபமானது எல்லாருக்கும் சுலபந்தானே, தம்பி." அந்த விமானத்தை மெதுவாகத் திருப்பி முத்திரையைப் பார்த்தார். என் பக்கம் திரும்பி, "தம்பியக் கூட்டிட்டுப் போறேன். ரெண்டு கேள்விதான். சாயங்காலம் வந்துருவாரு."

சாயங்காலம் ஜேசோப் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பியோன் வாத்தியார் எங்கள் தெருவை விட்டு வேறு வழியாகப் பள்ளிக்குப் போகத் தொடங்கினார். கடைக்காரர் தோஃபு கட்டியைக் கையில் தராமல் பலகையில் வைத்துத் தள்ளினார்.

மாமனாரோ மாலை தவறாமல் கூடத்தில் வடக்குப் பார்த்து உட்கார்ந்தார். அந்தக் குரலுக்காகத்தான் உட்காருகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"மாமா, அதுல படம் இல்ல. உங்களுக்கே தெரியும்."

"தெரியும். படம் பொய்."

"அப்ப எல்லாமே பொய்தானே?"

"படம் பொய்ம்மா. அவ நல்லா இருக்கான்னதும் பொய்யாத்தான் இருக்கணுமா?"

"அத்தை பேரைச் சொன்னாங்களா?"

அவர் பாயின் ஓரத்தை நீவிவிட்டார்.

"இந்தக் கரையில எந்த வீட்டைப் பாத்து 'உங்க அம்மா'ன்னு சொன்னாலும் பொருந்தும், மாமா. இறக்கையில பேரும் ஊரும் பாத்துச் சொல்லியிருக்காங்க. இதை அந்தக் கேப்டன்கிட்டச் சொல்லாட்டி தம்பி திரும்பி வராது."

மறுநாள் கேப்டன் பாங்கிடம் நானே போனேன். "வரப்புக்கு வாங்க. படமும் நீங்களே கொண்டாங்க, விமானமும் நீங்களே பூட்டுங்க. படத்தோட அது எவ்வளவு தூரம் போகுதுன்னு பாப்போம்," என்றேன். சரி என்றார்.

ஜேசோப்பையும் ஜீப்பில் கொண்டுவந்தார்கள். இரண்டு சிப்பாய்களுக்கு நடுவில் நின்றான். கைகளைச் சட்டைக்கைக்குள்ளேயே வைத்திருந்தான். கேப்டன் விமானத்தைப் பூட்டி, ஆறு தாண்டிவிடாதபடி ரப்பரைக் கொஞ்சமே முறுக்கி விட்டார். வயலைக் கடந்து நெட்டிலிங்க மரத்தடியில் போய் அமர்ந்தது. பிறகு ஸ்டூடியோவில் எடுத்த சிறிய படம் ஒன்றை இறக்கையடியில் செருகி, அதே அளவு முறுக்கி விட்டார். நாலடி போய் வாய்க்காலில் மூக்குக் குத்தியது. படத்தை வாலுக்கு மாற்றினார். பின்பக்கமாக விழுந்தது. குச்சியோடு சேர்த்துக் கட்டினார். அப்போதும் விழுந்தது.

தான் செய்தது தரையில் குத்துவதை ஜேசோப்பால் பார்க்க முடியவில்லை. "சார், அதைக் கொஞ்சம் முன்னால நகத்துனா..." என்று வாயெடுத்தான்.

"தம்பி," என்றேன் நான். மூடிக்கொண்டான்.

கேப்டன் படத்தின் சேற்றைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "எனக்குப் புரிஞ்சுதும்மா. எனக்கு மேல இருக்கறவங்களுக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம் கேக்கற மாதிரிப் புரியணும்." மாமனார் பக்கம் திரும்பினார். "பெரியவரே, குன்றுமேல நம்ம ஒலிபெருக்கியும் இருக்கு. மூணு வரிதான்."

எழுதித் தந்ததை மாமனார் படித்தார். நாங்கள் எந்தப் படமும் அனுப்பவில்லை. நீங்கள் சொல்வது பொய். மூன்றாவது வரியில் விரலை வைத்தார்.

"இது எதுக்கு?"

"அதான் முக்கியம். உங்களுக்கு அங்க யாரும் இல்லேன்னா அவங்க கூப்பிட என்ன இருக்கு? சொல்லிட்டா பையன் வீட்டுக்கு."

வெள்ளை அங்கியைக் கஞ்சிபோட்டுத் தேய்த்துக் கொடுத்தேன். மாமனார் அதை உடுத்திக்கொண்டு குன்றேறினார். என் கணவர் கையைப் பிடிக்க வந்தபோது தட்டிவிட்டார். முதல் இரண்டு வரியையும் காகிதத்தைப் பார்த்துச் சொன்னார். மூன்றாவதைப் பார்க்காமல் சொன்னார்.

"என் பொண்டாட்டி செத்துப்போயிட்டா."

அந்தச் சொல் ஆற்றைத் தாண்டிப் போய், மலையில் பட்டு, ஒருமுறை எங்களிடமே திரும்பி வந்தது. எதிர்க்கரை நாற்றங்காலில் குனிந்திருந்தவர்களில் ஒருவர் நிமிர்ந்து நின்றதாக என் கணவர் சொன்னார். அவ்வளவு தூரத்தில் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது, பேசாமல் இறங்கு என்றேன்.

ஜேசோப்பை வீட்டுக்கு விட்டார்கள். வெட்டும் அச்சுகளையும் பலகைகளையும் முற்றத்தில் போட்டுக் கொளுத்தச் சொன்னார்கள், அவனே கொளுத்தினான். ஓதோங் நொடியில் எரிந்துபோனது. பிறகு இஞ்சோன் துறைமுகத்தில் மூட்டை கணக்கெடுக்கும் வேலைக்குப் போனான். பண்டிகைக்கு வருவான். என் பிள்ளைகள் காகிதத்தை மடித்து விமானம் செய்தால் எழுந்து வெளியே போய்விடுவான்.

மாமனார் வடக்கு வாசலைச் செங்கல் வைத்து அடைத்தார். தெற்கே புது வாசல் வைத்தார். வீடு கதகதப்பானது. இறந்த நாள் தெரியாதவர்களுக்கு ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் படைப்பது எங்கள் வழக்கம். அந்த வருடம் மாமியாருக்கு நான் படையல் சமைத்தேன். மாமியாரின் பெயர் எழுதிய பலகைக்கு முன்னால் மாமனார் மதுவை ஊற்றியபோது ஒலிபெருக்கியில் அதே இனிய குரல் தொடங்கியது. "வாங் குடும்பத்தாரே, அம்மா இன்னும் காத்திருக்கிறார்." மாமனார் ஊற்றுவதை நிறுத்தவில்லை. ஒரு சொட்டும் சிந்தவில்லை. இரண்டு முறை விழுந்து வணங்கி எழுந்தார்.

அவர் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. கிழவர் தன் படத்தை இறக்கையடியில் ஒளித்துத்தான் விமானத்தை விட்டார், பிறகு மகனைக் காப்பாற்ற மைக்கில் பொய் சொன்னார் என்று ஊரில் இன்னும் பேசுகிறார்கள். பியோன் வாத்தியாரே கண்ணால் பார்த்தாராம்.

ரப்பரை முறுக்கி அவர் கையில் கொடுத்தவள் நான். விமானம் ஆறு நெத்திலி எடை இருந்தது. அதில் படம் எதுவும் இல்லை.