நாற்பது நிமிடம் நிற்கும் பெண்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பதினோரு ஆண்டுகளாக ஆவியில் வெந்துகொண்டிருந்த அவள், கிடங்கு அலுவலகத்துக்கு மாற வேண்டுமானால் ஆங்கில வகுப்பில் தேறியாக வேண்டும். நுரையீரலுக்கு ஆவி இனி ஆகாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மீதமிருந்தது ஒரே ஒரு வீட்டுப்பாடம். தேவைப்பட்டது பன்னிரண்டு மதிப்பெண்.

ஆசிரியர் அவளைவிட இளையவர், ஆனால் கறாரானவர். ஆங்கில நாளிதழில் வரும் வாசகர் கடிதங்களை, எழுதியவரின் பெயரை நீக்கிப் படியெடுத்துத் தருவார். விடைத்தாளில் இரண்டு கட்டங்கள் இருக்கும்: சான்று, உருக்கம். கடிதத்தின் ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டில் ஒன்றில் மட்டுமே சேர்க்க வேண்டும். இரண்டிலும் எழுதி மழுப்பினால் பூஜ்யம்.

இம்முறை வந்த கடிதம், சந்தை முனை மூக்குக்கண்ணாடிக் கடையின் வாசலிலிருக்கும் பேருந்து நிறுத்தத்தைத் தெருக்கோடிக்கு மாற்றக் கோரியது.  அந்தக் கடை அவளுடைய அண்ணனுடையது; பெயர் இல்லாவிட்டாலும் கடிதமும் அவருடையதாகத்தான் இருக்க வேண்டும். அம்மாவைக் கடைசி நாட்களில் யார் வைத்துப் பார்ப்பது என்று மூண்ட சண்டையில், நான்கு ஆண்டுகளாக இருவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. வேலை முடிந்து அவள் நிற்பதும் அதே நிறுத்தத்தில்தான். கடைக்கு முதுகைக் காட்டியபடி நிற்பாள்.

ஏழாம் வாக்கியம் இப்படி இருந்தது: 'இருமிக்கொண்டே ஒரு பெண் நாள்தோறும் நாற்பது நிமிடம் வெயிலில் நிற்கிறாள்.'

சான்றா, உருக்கமா?

தச்சு வேலை செய்யும் கணவரிடம் கேட்டாள். அவர் சிரித்தார். காத்திருப்பவர்கள் எல்லோரும் கடைக் கண்ணாடியில் சாய்கிறார்கள், எண்ணெய்க் கறை படிகிறது, விஷயம் அவ்வளவுதான் என்றார்.

"உன் இருமல் உங்கண்ணனுக்கு ஒரு சாக்கு."

"சாக்குக்கு யாரோ ஒரு கிழவின்னு எழுதியிருக்கலாமே. என்னை ஏங்க எழுதணும்?"

"கண்ணு முன்னாடி நின்னா வேற யாரை எழுதுவாரு? அதுவும் நீ நிக்கிறது இருபது நிமிஷம். மச்சான் ரெண்டு மடங்காக்கிட்டாரு."

இருபது என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். மிகைப்படுத்திய கணக்கு உருக்கத்தில்தான் சேரும். பென்சிலால் அங்கே எழுதினாள். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. மறுநாளிலிருந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முதல் நாள் நாற்பத்தொரு நிமிடம். அடுத்த நாள் முப்பத்தொன்பது. மூன்றாம் நாள் சரியாக நாற்பது.

நின்றவளுக்கே தெரியாத கணக்கு, உள்ளே இருந்தவருக்குத் தெரிந்திருக்கிறது. அழித்துவிட்டுச் சான்றில் எழுதினாள்.

அதோடு குழப்பம் தீர்ந்திருக்க வேண்டும்; மாறாக இரட்டிப்பானது. அவள்மீது இரக்கப்பட்டிருந்தால் நிறுத்தத்தையே ஏன் துரத்த வேண்டும்? தெருக்கோடியில் ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது. கண்ணாடி சுத்தமாக இருந்தால் போதுமென்றால், ஒருத்தி நிற்கும் நேரத்தைக் கடிகாரம் பார்த்து ஏன் குறித்துவைக்க வேண்டும்? வாக்கியத்தை அங்கும் இங்குமாக மாற்றி மாற்றி, தாள் நைந்துபோனது. கடைசியில் சான்றிலேயே விட்டாள்.

இறுதிக் கேள்வி, சான்றுகளிலிருந்து முடிவு பிறக்கிறதா என்பது. தெரிந்த ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாகக் கூட்டி எழுதினாள்: 'பிறக்கவில்லை. தெருக்கோடியிலும் வெயில்தான். அந்தப் பெண்ணைக் கடைக்குள் வந்து உட்காரச் சொன்னால் போதும். நிறுத்தத்தை நகர்த்த வேண்டியதில்லை.'

பதினான்கு மதிப்பெண் கிடைத்தது. வகுப்பு முடிந்ததும் ஆசிரியர் அவளை நிறுத்தி, அந்தக் கடைசி விடையை நாளிதழுக்குப் பதில் கடிதமாக அனுப்பலாமா என்று கேட்டார்.

தேறிவிட்ட மகிழ்ச்சிகூட அவளுக்கு உறைக்கவில்லை. 

"பேர் போடாம அனுப்புங்க சார்."

"பேர் இல்லாட்டி அவங்க போட மாட்டாங்கம்மா."

அவள் பேனாவை வாங்கித் தன் பெயரைத் தெளிவாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கொடுத்தாள். கொடுத்த பிறகும், அண்ணனைக் கடிந்துகொண்டாளா, தன்னைக் கூப்பிடச் சொன்னாளா என்பது அவளுக்கே விளங்கவில்லை.