மிஹ்லார் வாங்கிய பெட்டி

என் தங்கை ஸகியாவின் கையை அவள் புருஷன் மிஹ்லார் முறித்ததை ஒரு கெமரா பார்த்திருந்தது. பார்த்து என்ன பிரயோசனம்? அந்த வீடியோ கிடந்த சேர்வர் அவன் பிடித்து வைத்திருந்த வீட்டுக்குள் இருந்தது. பிரிவு கேட்டுக் காதி நீதிமன்றத்துக்குப் போனபோது காதியார், "சாட்சி இருக்கா?" என்றார். "கிணத்தடியில வழுக்கி உழுந்தவ," என்று அல்லாஹ்வுக்குப் பயந்தவன் போல நின்று சொன்னான் அந்தப் படுபாவி. திங்கட்கிழமை மறு விசாரணை. அதற்குள் வீடியோ கையில் இல்லாவிட்டால் ஸகியா அவனோடுதான் திரும்பிப் போக வேண்டும்.

அது ஸகியாவின் வீடு. எங்கள் பாலமுனையில் வீடு பெண்ணுக்குத்தான். வாப்பா ஒரே வளவில், நடுவே மதில் வைத்து, எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்தில் கட்டித் தந்தார். கட்டிலிலிருந்து கரண்டி வரை அவர் போட்டது. மாப்பிள்ளை வெறுங்கையோடு வருவது வழமை. என் புருஷன் முனாபும் அப்படித்தான் வந்தார். ஆனால் வந்தவன் வீட்டுக்காரியை அடித்து விரட்டிவிட்டு உள்ளே சட்டமாக இருந்தால் வயிறு எரியாதா?

நானும் முனாபும் கல்முனையில் கெமரா பொருத்திக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறோம். எங்கள் இரண்டு வீட்டுக் கெமராக்களுக்கும் ஒரே சேர்வர். மாரியில் என் வீட்டுக்குள் வெள்ளம் வரும் என்று அதை ஸகியாவின் மேல்மாடியில் இரும்புக் கூட்டுக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன். அந்தப் பூட்டின் திறப்பு இப்போது மிஹ்லாரிடம். இன்டர்நெட் என் வீட்டிலிருந்து மதிலுக்கு மேலால் ஒரு வயரில் அங்கே போகிறது.

கை முறிந்த அன்று அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். திரும்பி வந்து லப்டொப்பைத் திறந்தால் சேர்வரைக் காணவில்லை. வயரில் பிழையில்லை. பெயரால் தேடினேன், இலக்கத்தால் தேடினேன், ஒன்றும் வரவில்லை. அப்போது மதிலுக்கு மேலால் ஒரு வெறும் மட்டைப்பெட்டி வந்து என் முற்றத்தில் விழுந்தது. புது றவுட்டரின் பெட்டி.

"ஊட்டுக் கதை இனி உங்கட ஊட்டுக்கு வராது மதினி!" என்று அந்தப் பக்கம் நின்று கத்தினான் மிஹ்லார்.

விளங்கிவிட்டது. சேர்வரை உடைத்தால் பழி தன்மேல் விழும் என்று, எங்கள் வயரைத் தன் றவுட்டரில் சொருகி, அதற்குப் பின்னால் சேர்வரை வைத்து, அந்த வீட்டைத் தனி வலையமைப்பாக்கிவிட்டான். உள்ளே இருந்து வெளியே வரலாம். வெளியே இருந்து உள்ளே போக முடியாது, உள்தாழ்ப்பாள் போட்ட கதவு மாதிரி. றவுட்டர் கூட்டுக்கு வெளியேதான் இருக்கும். அதிலிருந்து கழற்றி, எங்கள் வயரைச் சேர்வரின் வயரோடு நேரே இணைத்தால் போதும். அதற்கு அந்த மேல்மாடிக்கு ஏற வேண்டும். காதியார் சாட்சி கேட்ட பிறகு வேறு வழியிருக்கவில்லை.

"லப்டொப்ப அங்கயே கொண்டு போவமே," என்றார் முனாப்.

"கண்டா உடைப்பான். நீங்க இஞ்ச இருந்து வீடியோவ இறக்குங்க. பைல் முழுசா வாற வரைக்கும் எழும்பக்கூடா. என்ன நடந்தாலும்."

"என்ன கதை கதைக்காய் ஹாஜறா?"

"அல்லாவுக்காகக் கேக்கன்."

அஸர் தொழுகைக்கு அவன் போனதும் ஸகியாவிடம் இருந்த திறப்பால் பின்கதவைத் திறந்து ஏறினேன். வயரை மாற்றினேன். போனில் முனாப், "தெரியுது! வருது!" என்றார். பெரிய பைல். மெதுவாகத்தான் வரும். படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"கள்ளியா நீங்க, மதினி?" மிஹ்லாரின் கையில் கதவுக்குப் போடும் இரும்புக் கம்பி. "வயர உடுங்க."

"உடமாட்டன்டா, நாயே!"

முதல் அடி தோளில் விழுந்தது. வயரை நெஞ்சுக்குள் அடக்கிக்கொண்டு கூட்டைக் கட்டிப்பிடித்தேன். முதுகில் விழுந்தது. காதில் விழுந்தது, சூடாக இரத்தம் கழுத்தால் இறங்கியது. விரல்களை அடித்தான், எலும்பு நொறுங்கிய சத்தம் எனக்கே கேட்டது. குனிந்து அவன் காலைக் கடித்தேன். சதை கிழியும் வரை விடவில்லை. அவன் ஊளையிட்டு என் முகத்தில் மிதித்தான்.

கீழே கிடந்த போனில் ஓர் ஆண் அழும் சத்தம் கேட்டது. அப்போதுதான் நினைவு வந்தது. மேலே கெமரா இருக்கிறது. இப்போது அதுவும் எங்கள் பக்கம் வந்துவிட்டது. எனக்கு விழும் ஒவ்வோர் அடியையும் முனாப் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"எழும்பாதீங்க!" என்று வாயில் இரத்தத்தோடு கத்தினேன். "எழும்பினா உங்கள மன்னிக்க மாட்டன்!"

அவர் எழும்பவில்லை. அந்த அழுகை நிற்கவும் இல்லை. கம்பி திரும்பத் திரும்ப இறங்கியது.

"வந்திட்டு!" என்று முனாப் அலறினார். "ஹாஜறா, முழுசும் வந்திட்டு!"

அதற்குப் பிறகு அவர் மதில் பாய்ந்து வந்தது எப்படி என்று எனக்குத் தெரியாது. மண்வெட்டிப் பிடியால் மிஹ்லாரின் முழங்காலில் போட்டார். விழுந்தவனின் தலைக்கு ஓங்கினார். நான் ஊர்ந்து போய் அவர் காலைப் பிடித்திராவிட்டால் அன்று ஒரு மையித்து விழுந்திருக்கும்.

பின்னால் ஸகியா வந்தாள், கழுத்தில் தொங்கிய கட்டுக் கையோடு. கை முறிந்த பிறகு அந்தப் படியில் அவள் கால் வைத்ததில்லை. என்னைப் பார்த்து, "யா அல்லாஹ், ராத்தா!" என்று குழறி அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவருக்குப் போனாள். நல்ல கையால் றவுட்டரைப் பிடுங்கி எடுத்து மிஹ்லாரின் மடியில் வைத்தாள்.

"இந்த ஊட்டுல உங்கட காசில வந்தது இது மட்டும்தான்," என்றாள். "எடுத்துட்டு வெளிய போங்க."

முனாப் பிடியை இறக்கவில்லை. மிஹ்லார் சுவரைப் பிடித்து எழும்பி, நொண்டி நொண்டிப் படியிறங்கினான். அந்த றவுட்டர்ப் பெட்டியை மட்டும் அவன் விட்டுவிட்டுப் போகவில்லை.